பறத்தலும் படம் பிடித்தலும்

நம் சங்கத்து மலரின் முகப்புக்கென்று பறவைப் படம் ஒன்றை மலர்க் குழுவினர் எங்களிடம் கேட்டிருந்தனர். கேட்டவர்கள் அன்பர்கள், கேட்ட படமும் எங்களிடம் உண்டு. ஆயினும் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் யாதென அவர்கள் வினவியபோது ஒரு வரியில் விடை கூற எங்களால் இயலவில்லை. அப்படியாயின் கட்டுரையேனும் தருக என்றனர். இது அக்கட்டுரை.

நாங்கள் ஐவர். பாலக்காட்டில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர்களாய்ப் பணிபுரிகின்றோம். நெல்லை, மதுரை, தஞ்சை என்று பிறந்த ஊர்கள் வெவ்வேறாயினும் மாற்றல் ஆணை எங்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஐவருள் ஒருவர் இதற்குமுன் இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் இருந்தவர். மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கும் பாதையில் சின்னாற்றுக் காட்டைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பறவை பார்த்துப் பழகியவர். அப்பழக்கம் அவரிடமிருந்து எங்கள் நால்வருக்கும் தொற்றியது. முதலில் ஒரு தொலைநோக்கி மட்டும் இருந்தது. பின்னர் ஓராண்டு போனஸ் தொகையை ஐவரும் ஒன்றுசேர்த்து, போதாத பகுதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் பெற்று, கேமரா ஒன்றும் முழங்கை நீள லென்ஸ் ஒன்றும் வாங்கினோம். ஒரு நொடிக்கு 20 படம் எடுக்கவல்ல கருவி அது. எங்கள் இல்லத்தரசிகள் அதனை ஆறாவது பங்காளி என்று அழைப்பர். அதன் மாதத் தவணை அவ்வளவு.

சென்ற ஆண்டு மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதி மலைக்குச் சென்றோம். நோக்கம் ஒன்றே: பெரிய இருவாச்சி பறக்கும் காட்சியைப் படமாக்குதல். இப்பறவையைக் கேரளத்தார் மலமுழக்கி வேழாம்பல் என்பர். மாநிலப் பறவையாகவும் கொண்டுள்ளனர். மலையை முழங்கச் செய்வது என்னும் பெயர் மிகையன்று. மூன்று கிலோ எடையும், விரித்தால் ஏறத்தாழ ஐந்தடி அகலமும் உடைய சிறகுகள். சிறகின் அடிப்புறத்தில் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியை மூடும் சிற்றிறகுகள் இதற்குப் போதிய அளவில் இல்லை. அவ்விடைவெளியில் காற்றுப் புகுந்து வெளிவரும்போது பழைய நீராவி இரயில் எஞ்சின் மலையேறுவது போன்ற ஓசை எழுகின்றது. பறவையைக் காணுமுன் அதன் பறத்தலைக் காதால் கேட்டுவிடலாம்.

இதன் இல்வாழ்க்கையோ வியப்பிற்குரியது. ஈனும் பருவத்தில் பெண் பறவை நெடுமரப் பொந்துள் நுழைந்து, தன் எச்சத்தையும் பழக்கூழையும் பிறவற்றையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே எஞ்சும். உள்ளே இருக்கும் காலத்தில் பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். அடைகாக்கும் நாளெல்லாம் ஆண் பறவை அத்தியும் ஆலும் பிற காட்டுப் பழங்களும் தொண்டையில் நிரப்பிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்துப் பிளவின் வழியே ஊட்டும். குஞ்சு பொரித்த பின்பும் சில காலம் இந்நிலை நீடிக்கும். வெளியே உள்ளது வராவிடில் உள்ளே உள்ளவற்றிற்கு உணவில்லை. தொலைவூரில் வேலை பார்த்து மாதந்தோறும் பணம் அனுப்பும் நம் போன்றோர்க்கு இக்குடும்ப ஏற்பாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எஸ்டேட் ஒன்றின் எல்லையில், காட்டுச் சரிவில், அத்தகைய பொந்து ஒன்று இருப்பதைக் காடர் இனத்துப் பெரியவர் ஒருவர் அறிந்திருந்தார். எஸ்டேட்டில் பணிபுரியும் நண்பர் அவரிடம் எங்களை ஒப்படைத்தார். பெரியவர் எங்களை ஒரு புதர் மறைவில் அமர்த்தி, அதற்கு அப்பால் செல்லலாகாது என்று கையால் காட்டினார். அரைமணி நேரம் அமர்ந்திருந்தோம். ஒரு கிளை லென்ஸுக்கு இடையூறாக இருந்தது. பெரியவர் சற்றே அப்பால் சென்றிருந்த நேரம் பார்த்து நாற்பது அடி முன்னேறி வெட்டவெளியில் நின்றுகொண்டோம். எங்களுள் யார் முதலில் எழுந்தார் என்று இங்குக் கூறப்போவதில்லை. ஐவரும் எழுந்தோம்.

காலை எட்டு மணிக்கு மேல் மலை முழங்கிற்று. ஆண் பறவை வந்தது, எங்களைக் கண்டது. மரத்தில் அமராமல் ஒரு வட்டமிட்டுத் தொலைவில் சென்று அமர்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. மீண்டும் எழுந்து வட்டமிட்டது. இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை வந்து நான்கு முறையும் பொந்தை அணுகாமல் திரும்பியது. எங்களுக்கோ பெருங்களிப்பு. பறக்கும் பறவையைப் படமெடுக்க முயன்றோர் அறிவர்: அது ஒருமுறை கண்ணெதிரே கடந்தாலே பேறு. இங்கோ அது நேர் எதிரே, நல்ல வெயிலில், மீண்டும் மீண்டும் வட்டமிட்டது. அறுநூறுக்கு மேற்பட்ட படங்கள் பதிந்தன.

அவற்றுள் ஒன்றுதான் மலர்க் குழுவினர் கேட்ட படம். இரு சிறகும் மேலுயர்ந்து, வெண்பட்டையின் ஊடே கதிரொளி பாய, விரல்களைப் போல் இறகுகள் பிரிந்து நிற்கின்றன. செங்கண் தெளிவாக உள்ளது. மஞ்சள் அலகின் நுனியில் சிவந்த அத்திப்பழம் ஒன்று. காண்போர் அனைவரும் அப்பழத்தையே புகழ்கின்றனர். குங்குமப் பொட்டுப் போல் இருக்கிறது என்றார் ஓர் அன்பர். அது கொண்டுசென்று சேர்க்கப்படாத பழம் என்பது படத்தில் தெரியாது.

இறங்கி வரும்போது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. காடர்கள் முற்காலத்தில் இருவாச்சிப் பொந்தில் ஏறிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்ததுண்டு. அண்மைக் காலத்தில் வாழச்சால் வனப்பகுதியில் கேரள வனத்துறையோடு சேர்ந்து அம்மக்களே கூடுகளைக் கண்காணித்துக் காத்து வருகின்றனர். இதனை நாங்கள் செய்தித்தாளில் படித்திருந்தோம். பேச்சைத் தொடங்கும் பொருட்டு அதனை எடுத்துரைத்தோம். அவர் நின்று, திரும்பி, "எங்க பழைய ஆளுங்க குஞ்சை எடுத்தாங்க, சார். பசி. நீங்க எதுக்கு எடுத்தீங்க?" என்றார். கடிந்து கேட்டதாகத் தோன்றவில்லை. அறியும் பொருட்டே கேட்டார். அவ்வினாவிற்கு அன்று விடை கூறவில்லை.

பறவைப் படம் எடுப்பதே தீது என்று நாங்கள் கூற வரவில்லை. வரலாறு அப்படிக் கூறவும் விடாது. பறத்தலைப் படமாக்கும் முயற்சிக்கு முன்னோடி பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே. 1882ஆம் ஆண்டில் அவர் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கேமராவை அமைத்தார். தோளில் ஊன்றிக் குறிபார்த்து விசையை இழுத்தால் சுழலும் தட்டில் நொடிக்கு 12 படங்கள் பதியும். இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் அவர் பறவைகளைக் குறிவைத்துக்கொண்டு சுடாமலே நிற்பதைக் கண்ட ஊரார் அவரைப் பித்தர் என்று எண்ணினர் என்பர். அப்பித்தரால்தான் சிறகு மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் எவ்வாறு வளைகின்றது என்பது மனிதனுக்கு விளங்கத் தொடங்கிற்று. வானூர்தி கனவாக இருந்த காலம் அது. ஒரு பறவையும் விழவில்லை, அறிவு வளர்ந்தது.

நம் மலைகளையே நோக்குவோம். 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது மறையூர், தட்டேக்காடு, பறம்பிக்குளம் முதலிய இடங்களில் தங்கிப் பணியாற்றினார். அந்நாளில் பறவையியலாரின் முதற்கருவி துப்பாக்கியே. சுட்டு, பதப்படுத்தி, அளந்து பார்த்தே இனம் பிரித்தனர். இன்று ஐயத்திற்குரிய பறவை ஒன்றை உறுதிசெய்ய ஒரு நல்ல படம் பல வேளைகளில் போதுமானது. எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்தன. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் திருமகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்நாள் முழுதும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார். அவற்றோடு அவர் எழுதிய எழுத்தும் இல்லையேல் நம்மில் பலருக்குக் காடு என்பது சுள்ளி பொறுக்கும் இடமாகவே இருந்திருக்கும். பாலக்காட்டுக் காவச்சேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் 1958இல் 'கேரளத்திலே பட்சிகள்' என்னும் நூலை வெளியிட்டார். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற எங்களுக்கு அந்நூல் ஒரு பாடநூலாகவே பயன்பட்டது.

ஆதலின் வினா கேமராவைப் பற்றியதன்று. பறத்தலைப் பற்றியது. படத்தில் உள்ள பறத்தல் யாருடையது? தன் வேலையாய்ச் செல்லும் பறவையின் பறத்தல் ஒன்று. நாம் எழுப்பிவிட்ட பறத்தல் வேறொன்று. இரண்டையும் நொடியில் ஈராயிரத்தில் ஒரு கூறாக நறுக்கி எடுத்தால் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. அச்சமும் விடுதலையும் ஒரே சிறகைத்தான் விரிக்கின்றன. அலுவலகக் கோப்பில் ஒரு தாள் வந்து சேர்ந்தால், அது எங்கிருந்து, யார் வழியாக, எந்த ஆணையின்படி வந்தது என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். குறிப்பில்லாத தாளை மேலதிகாரி ஏற்கமாட்டார். படத்திற்கு அத்தகைய குறிப்பு இல்லை. குளக்கரையில் கல்லெறிந்து கொக்குக் கூட்டத்தைக் கிளப்பிப் படமெடுப்போரை நாங்கள் கண்டிருக்கின்றோம். அப்படம் வெளிவரும்போது கல் இருப்பதில்லை. வெண்கொக்குகள் மட்டும் இருக்கும். பரிசும் பெறும்.

தமிழில் நாம் படம் எடுத்தல் என்றும் படம் பிடித்தல் என்றும் கூறுகின்றோம். பிடித்தல் என்பது வேடனின் சொல். இதனை வெறும் சொல் விளையாட்டு என்று கருதிவிடலாகாது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் பொருள் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கொல்லுதலும் பிடித்தலும் மட்டுமல்ல. விரட்டுதலும், இரை வைத்து ஈர்த்தலும், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்தலும் அவ்விளக்கத்துள் அடங்கும். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு சரணாலயத்துள் நுழைய இசைவு தருவதற்குரிய காரணங்களுள் ஒளிப்படம் எடுத்தலையும் சேர்த்துள்ளது. ஆகக் கேமராவைச் சட்டம் வெறுக்கவில்லை. கூட்டருகே நிற்கும் காலைத்தான் கருதுகின்றது. நாங்கள் சட்டம் படித்தே சம்பளம் பெறுவோர். ஆயினும் மலையிலிருந்து இறங்கி வந்த பின்னரே இப்பிரிவைத் தேடிப் படித்தோம்.

எங்களுள் ஒருவர் இன்றளவும் இக்கருத்தை ஏற்கவில்லை. அவர் தரப்பையும் எடுத்துரைத்தல் முறை. ஞாயிறுதோறும் கோழி தின்கிறோம். அதற்கு வராத இரக்கம் இரண்டு மணி நேரம் பழம் தாமதமான பறவைக்கு ஏன் என்று அவர் கேட்கின்றார். வலுவான கேள்விதான். எங்களுள் மூவர் புலால் உண்பவர். அவர்களால் இதற்கு முழு விடை தர முடியவில்லை. கோழியைக் கொல்கிறோம் என்று அறிந்தே கொல்கிறோம். இருவாச்சியிடமோ அன்பு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதனைச் செய்தோம் என்பது மட்டுமே அவர்கள் கூறக்கூடியது. அது ஒருவேளை கோழிக்கும் சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வியாகலாம். அதனை இங்கே தீர்க்க நாங்கள் முற்படவில்லை.

இரண்டாவதாக அவர் கூறுவது: ஒருமுறைதானே சென்றோம்? இதற்கு எங்கள் அலுவலகச் சாளரமே விடை தருகின்றது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் "ஒரு நிமிடம்தான், சார்" என்று கூறியே தலையை நீட்டுவர். அவர்க்கு அது ஒரு நிமிடமே. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது முழுநாள். நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை செல்கின்றோம். பறவைக்கோ நாம் அனைவரும் செல்கின்றோம். இடுக்கி எல்லையை ஒட்டிப் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காடு 1983இல் பறவைகள் சரணாலயமாயிற்று. பரப்பு 25 சதுர கிலோமீட்டரே. அங்குள்ள தவளைவாயன் என்னும் இரவுப் பறவை பகலில் சருகு போல் அசையாமல் இணையாக அமர்ந்திருக்கும். அசையாமையே அதன் காவல். அமர்ந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் அமரும் வழக்கமும் அதற்கு உண்டு; ஆதலின் அதன் இடம் அறிந்தவர் பலரை அழைத்துச் செல்ல முடியும். அப்பகுதிக்கு நாங்கள் சென்றிருந்தபோது ஒரு குழு அகல, மற்றொரு குழு வந்து நின்றது. பறவை அசையவில்லை. "பாருங்கள், அதற்குக் கவலையே இல்லை" என்றார் ஒருவர். அசையாமையைக் காவலாகக் கொண்ட உயிர் கவலையுற்றால் எப்படி இருக்கும் என்று அப்போது நாங்களும் எண்ணவில்லை. வேறு சிலர் கைப்பேசியில் ஒரு பறவையின் குரலை ஒலிக்கச் செய்து, எதிரி வந்துவிட்டதென அது சினந்து வெளிப்பட்டதும் படமெடுப்பர். இல்லாத எதிரியை ஒரு காலை முழுதும் அப்பறவை தேடும்.

மூன்றாவது வாதமே கடினமானது. சித்திரை இறுதியில் எஸ்டேட் நண்பர் மூலம் செய்தி வந்தது. அப்பொந்தின் வாயில் உடைந்து, தாயும் குஞ்சும் நலமாய் வெளிவந்துவிட்டன. மகிழ்ந்தோம், அன்று மாலை அலுவலகத்தில் இனிப்பு வழங்கியதும் உண்டு. "தீங்கொன்றும் நேரவில்லையே, இனிப் படத்தைக் கொடுக்கலாமன்றோ?" என்றார் நண்பர். பள்ளி வாயிலில் வண்டியை விரைந்து ஓட்டிச் சென்றவன், எந்தப் பிள்ளையும் குறுக்கே வரவில்லை என்று கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பிள்ளைகள் பிழைத்தது அவன் செயலால் அன்று. குஞ்சு பிழைத்ததும் எங்களால் அன்று. நாங்கள் போன பிறகு அந்த ஆண் பறவை பறந்த பறத்தல்களால். அவற்றை யாரும் படம் எடுக்கவில்லை.

இவ்வெல்லைக்குக் கிழக்கே உள்ள பழனி மலைப் பகுதியை ஆண்டவன் வையாவிக்கோப் பெரும்பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குகின்றது என்றெண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் பாடநூலில் படித்திருப்பர். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று இக்காலத்தார் நகைப்பதுண்டு. நாங்களும் நகைத்திருக்கின்றோம். அவன் மயிலைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்பது உண்மை. ஆயினும் அவன் கேட்டுக்கொண்ட கேள்வி இதற்கு என்ன வேண்டும் என்பது. அன்று மலையில் வெட்டவெளிக்கு எழுந்த எங்கள் ஐவருள் ஒருவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. பறவை வட்டமிடுவதைப் பார்த்தோம். ஏன் வட்டமிடுகின்றது என்று கேட்டிருந்தால் நாற்பது அடி பின்வாங்கியிருப்போம். ஒளி குறைந்த, கிளை மறைத்த, மங்கிய படங்கள் சில கிடைத்திருக்கும். அவற்றை மலர்க் குழுவினர் கேட்டிருக்கமாட்டார்கள்.

படத்தை அழித்துவிடவில்லை. அவ்வளவு துறவு எங்களுக்கு வரவில்லை. மூணாற்று நண்பரின் வீட்டில் கணினியில் உள்ளது. பெரியவருக்கு ஒரு படி கொண்டுசென்று கொடுத்தோம். வாங்கிப் பார்த்தார். பழத்தைச் சுட்டி, "இது அத்தி" என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவ்வாண்டு தை மாதத்தில் மீண்டும் சென்றோம். பொந்தின் பக்கம் போகவில்லை. மாலை ஐந்து மணியளவில் போத்துண்டிக்கு மேலே சாலையோரத் திருப்பம் ஒன்றில், பள்ளத்தாக்கை நோக்கிய தடுப்புச் சுவரில் அமர்ந்து கட்டிவந்த புளியோதரையை உண்டுகொண்டிருந்தோம். கேமரா பையில் இருந்தது. முதலில் ஓசைதான் வந்தது. பிறகு இருவாச்சி இணை ஒன்று, எங்களைப் பொருட்படுத்தாமல், பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரே சீராய்ப் பறந்து அக்கரைச் சரிவை நோக்கிச் சென்றது. எங்களோடு கருத்து மாறுபடும் நண்பர் கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. அவர் எழவுமில்லை, அமர்ந்த இடத்திலிருந்தே எடுத்தார். பறவைகள் சிறு கரும்புள்ளிகளாய்ப் பதிந்திருந்தன. ஓசை மட்டும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.